ஓரத்தில் நிண்டவள்

போன வருசம் எங்கட பீடத்து இசை இரவுக்கு நான்தான் கமரா. ஆரும் வற்புறுத்தேல்லை, நானாக் கேட்டு வாங்கின வேலை. சீனியர் அண்ணா ஒராளிட்ட பழைய கமராவும் பிளாஷும் இரவல் வாங்கி, பின்னேரம் ஆறு மணியிலிருந்து நிகழ்ச்சி முடியும்வரை 400க்குக் கிட்ட படம் எடுத்தன். அடுத்த நாளே எல்லாத்தையும் பேஸ்புக்கில ஏத்தியாச்சு. லைக் வந்தது. "செம" எண்டு கொமென்ட் வந்தது. சந்தோசமாத்தான் இருந்தது.

ரெண்டு நாள் கழிச்சு எங்கட பட்ச் பிள்ளை ஒருத்தி கன்ரீனில வந்து எனக்கு முன்னால இருந்தாள். போனில ஒரு படத்தைத் திறந்தாள். மேடையில பாடகர், முன்னால கூட்டம், மேல லைற். நான் நல்ல படம் எண்டு நினைச்சிருந்த படம். அவள் ரெண்டு விரலால இடப்பக்க ஓரத்தைப் பெருப்பிச்சுக் காட்டினாள். அங்க ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில, ஒரு பெடியனோட சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு அவள் நிக்கிறாள். வீட்டுக்கு அண்டைக்கு ஹொஸ்டலில இருந்து படிக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறாள். வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் ஒராள் படத்தைக் கண்டு அம்மாக்கு அனுப்பிவிட்டிருக்கிறா. மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை. இதை வாசிக்கிற உங்களுக்கு எங்கட வீடுகளைத் தெரியும்.

அவள் என்னைப் பேசேல்லை. ஒண்டுதான் கேட்டவள்: "நீ அதில ஆரை எடுத்தனி?"

"பாடகரைத்தான்" எண்டன்.

"அப்ப நான் ஏன் அதுக்குள்ள நிக்கிறன்?"

அண்டைக்கு எனக்குப் பதில் வரேல்லை. பிறகு யோசிச்சால் தொழில்நுட்பமான பதில் ஒண்டு இருக்கு. நான் கமராவைப் படுக்கையாப் பிடிச்சிருந்தன். நிமிர்த்திப் பிடிச்சிருந்தால் பாடகரும் அவருக்கு மேல இருந்த லைற்றும் மட்டும் வந்திருக்கும். ஐஸ்கிறீம் வான் வெளியில போயிருக்கும், அவளும் போயிருப்பாள். கமராவை 90 பாகை திருப்பாத சோம்பல், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதேல்லை. இரவுக் கொண்டாட்டங்களைப் படம் எடுத்த மற்ற ஆக்கள் இந்த முடிவை எப்பிடி எடுத்திருக்கினம் எண்டு தேடி வாசிக்க வெளிக்கிட்டன். படுக்கையா நிமிர்ந்தா, எதை உள்ளுக்கு விடுறது எதை வெட்டுறது எண்டதை நாங்கள் அழகு பற்றின கேள்வியாத்தான் படிக்கிறம். யூரியூப்பில பாடம் எடுக்கிற ஆக்களும் அப்பிடித்தான் சொல்லித் தருகினம். வரலாற்றைப் பார்த்தால் வேறொரு விசயம் தெரியுது. படத்தை ஆர் பாக்கப் போகினம் எண்டதுதான் பல நேரம் படத்தின் வடிவத்தைத் தீர்மானிச்சிருக்கு.

கமராவுக்கும் ஒரு சோம்பல் இருக்கு

முதலில் கருவியில் இருந்து தொடங்குவம். நாங்கள் பாவிக்கிற பெரும்பாலான கமராக்களின் 3:2 சட்டகம் சினிமாச் சுருளில் இருந்து வந்தது. சினிமாவின் ஒரு சட்டகம் 18×24 மில்லிமீற்றர். ஜெர்மனியில் ஒஸ்கார் பார்னாக் அதே 35 மில்லிமீற்றர் பிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, ரெண்டு சட்டகத்தைச் சேர்த்து 24×36 ஆக்கினார். அதுதான் 1925இல் சந்தைக்கு வந்த லைக்கா. அந்தக் கமராவை இயல்பாகக் கையில் பிடித்தால் படம் படுக்கையாகத்தான் வரும்.

1929இல் வந்த ரொலைபிளெக்ஸ் சதுரம். இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கிற கமரா அது. அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பது சரியான கஸ்டம். சதுரம் எண்டபடியால் திருப்பவே தேவையில்லை. 1959இல் ஒலிம்பஸ் பென் வந்தது. 24×36ஐத் திரும்பப் பாதியாக்கி, 36 படச் சுருளில் 72 படம் எடுக்க விட்டது. அதைச் சாதாரணமாகப் பிடித்தாலே படம் நிமிர்ந்து வரும். போன் வர முதலே நிமிர்ந்த படத்தை இயல்பாக எடுக்கிற கமரா இருந்திருக்கு எண்டது எனக்குப் புதுசு.

ஆக, ஒவ்வொரு கமராவுக்கும் தன் பாட்டில் சாய்கிற ஒரு பக்கம் இருக்கு. பகலில் நிண்டு யோசிச்சு அதை மீறலாம். இரவில் நேரம் இல்லை. இருட்டு, இடிபாடு, சத்தம். பிளாஷ் வேற. கமராவைப் படுக்கையாப் பிடிச்சால் பிளாஷ் லென்ஸுக்கு மேல நிக்கும், நிழல் ஆளுக்குப் பின்னால கீழ விழுந்து மறைஞ்சிடும். நிமிர்த்தினால் பிளாஷ் பக்கத்துக்கு வந்திடும், சுவரில ஒரு கறுப்பு நிழல் ஆளோட ஒட்டிக்கொண்டு நிக்கும். அதுக்குப் பயந்தே நான் அண்டைக்கு முழு இரவும் படுக்கையாவே எடுத்தனான்.

பாரிஸ்: பக்கம் கேட்ட வடிவம்

இரவு வாழ்க்கையைப் படம் எடுத்தவர்கள் எண்டால் எல்லாரும் முதலில் சொல்லுற பெயர் பிராசாய். இயற்பெயர் யூலா ஹலாஸ். இண்டைக்கு ருமேனியாவில் இருக்கிற பிரஷோவில் 1899இல் பிறந்து, 1924இல் பாரிசுக்கு வந்தவர். 'இரவில் பாரிஸ்' எண்ட அவருடைய புத்தகம் 1933இல் வந்தது. அவரிடம் இருந்தது கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கிற கமராவும் முக்காலியும். வெளியில் தெருவை எடுக்கும்போது, வெளிச்சத்துக்கு ஏற்றபடி ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தை அளவாக வைத்து லென்ஸைத் திறந்து வைப்பாராம். மதுக்கடைக்குள், நடனக் கூடத்துக்குள் மக்னீசியப் பொடியை எரித்து வெளிச்சம் எடுப்பார். பெரிய பளிச், பிறகு புகை. களவாக எடுக்க ஏலாது. அங்க இருந்தவைக்குப் படம் எடுபடுது எண்டு தெரியும், சொன்னபடி அசையாமலும் இருந்தவை.

அந்தப் புத்தகத்தில் படங்கள் விளிம்பே இல்லாமல் பக்கம் முழுக்க நிரப்பி அச்சாகியிருக்கு. பக்கம் நிமிர்ந்தது, அதால் படமும் நிமிர்ந்தது. பாரிஸ் இரவு நெட்டாக நிண்டது தெருவின் இயல்பால் மட்டும் இல்லை, பதிப்பகம் வெட்டின தாளின் அளவாலும்தான். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கிற வாசகருக்காக அமைந்த வடிவம் அது.

அந்த வாசகர் கூட்டத்தில் 'மோம் பிஜூ' எண்டு அழைக்கப்பட்ட வயதான பெண் இல்லை. மொன்மார்த்தர் மதுக்கடை ஒன்றில், கழுத்திலும் கையிலும் போலி முத்தும் மோதிரமுமாக மேசையில் தனியே இருந்த அவரைப் பிராசாய் படம் எடுத்தார். இண்டைக்கு அது உலகம் அறிந்த படம். புத்தகம் வந்தபிறகு அவர் பதிப்பகத்துக்கே நேரில் போய்ச் சண்டை பிடிச்சதையும், ஏதோ காசு கொடுத்துத்தான் அவரைச் சமாதானப்படுத்தினவை எண்டதையும் பிராசாயே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவருக்குக் கோபம் தன்னைப் படம் எடுத்ததில் இல்லை. தன்னைப் பற்றி அதில் எழுதியிருந்த ஏளன வரியில்தான் கோபம். படம் எடுக்கச் சம்மதித்தவர், படம் போய்ச் சேர்ந்த இடத்துக்குச் சம்மதிக்கேல்லை. இந்த இடத்தை வாசிக்கேக்க எனக்குக் கன்ரீன் ஞாபகம் வந்தது. மோம் பிஜூ படத்தின் நடுவில் இருந்தவர், என்ர பட்ச் பிள்ளை ஓரத்தில் நிண்டவள். ரெண்டு பேரையும் கேக்காமல்தான் படம் ஊருக்குப் போனது.

நியூயோர்க்: பிறகு வெட்டலாம்

அடுத்தவர் வீஜீ, ஆதர் ஃபெலிக். பொலிஸ் வானொலியைக் காரில் வைத்துக்கொண்டு நியூயோர்க் இரவுகளில் அலைந்த பத்திரிகைப் படப்பிடிப்பாளர். கொலை, தீ விபத்து, பிறகு பவரி தெருவில் 'சம்மீஸ்' எண்ட மதுக்கடையின் ஆட்டமும் பாட்டும். அவருடைய கமரா ஸ்பீட் கிராபிக். 4×5 அங்குலப் பிலிம், பக்கத்தில் பெரிய பிளாஷ் குமிழ். குவியத்தை 10 அடிக்கு நிறுத்தி வைத்திருந்தார். அந்தத் தூரத்தில் ஆட்கள் தலையில் இருந்து கால்வரை அடங்கிவிடுவினம். இருட்டில் குவியம் தேடத் தேவையில்லை. எதை வைத்திருக்கிறது எண்ட முடிவைப் பிறகு இருட்டறையில் எடுக்கலாம். பிலிம் பெரிசு எண்டபடியால் வெட்டினாலும் படம் கெடாது.

அவருடைய புகழ்பெற்ற படம் 'விமர்சகர்'. 1943 நவம்பரில், மெட்ரோபொலிற்றன் ஒபெராவின் தொடக்க இரவில் எடுத்தது. வைரமும் வெள்ளை உரோம மேலாடையுமாக ரெண்டு பணக்காரப் பெண்கள் வருகினம். வலப்பக்கத்தில் ஒரு ஏழைப் பெண் அவையை முறைச்சுப் பாக்கிறா. நாங்கள் பார்த்துப் பழகின வடிவத்தில் படத்தில் கிட்டத்தட்ட இந்த மூண்டு பேர்தான். முழு நெகட்டிவ்வில் சுற்றி நிக்கிற சனமும் இருக்கு. அந்தச் சனத்தை வெட்டினதும் ஒரு கூட்ட நெரிசல், பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான மோதலாக மாறிவிட்டது. அந்தப் பெண்ணைச் சம்மீஸில் இருந்து குடிக்கக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்ததே தாங்கள்தான் எண்டு வீஜீயின் உதவியாளர் பல வருசம் கழிச்சுச் சொன்னார்.

எனக்கு இதில் ரெண்டு மனம். படம் சொல்லுற விசயம் பொய் இல்லை. போர்க்காலத்து நியூயோர்க்கில் அந்த இடைவெளி உண்மையாவே இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை வைத்து ஊருக்கு ஒரு கருத்துச் சொன்னவை, அவவிடம் கருத்துக் கேட்டதாகத் தெரியேல்லை. 'விமர்சகர்' எண்டு பெயர் வைத்தவை. அவ என்ன விமர்சனம் சொன்னா எண்டு ஆரும் எழுதி வைக்கேல்லை.

பமாக்கோ: செருப்புத் தெரியவேணும்

இந்த இடத்தில்தான் எனக்கு மாலிக் சிடிபே கிடைத்தார். மேற்கு ஆபிரிக்காவில் மாலி நாட்டுக்காரர். 1956இல் வாங்கின கொடாக் பிரவுனி பிளாஷ்தான் அவருடைய முதல் கமரா. மாலி 1960 செப்டெம்பர் 22இல் பிரான்சிடம் இருந்து சுதந்திரம் பெற்றது. அந்த வருசங்களில் தலைநகர் பமாக்கோவில் இளம் ஆக்கள் சின்னச் சின்னக் கழகங்கள் தொடங்கி, தங்களுக்குப் பிடிச்ச பாடகர், இசைக்குழுக்களின் பெயரை வைத்து, சனிக்கிழமை இரவுகளில் இசைத்தட்டுப் போட்டு ருவிஸ்ற் ஆடினார்கள். சிடிபேயின் ஸ்ரூடியோ பகடாஜி எண்ட பகுதியில் இருந்தது. கையில் தூக்கித் திரியக்கூடிய கமராவும் பிளாஷுமாக ஒரே இரவில் பல விருந்துகளுக்குப் போவார்.

அவருடைய படங்களில் 1963இல் எடுத்த 'நத்தார் இரவு' மிகப் பிரபலம். ஒரு பெடியனும் பிள்ளையும் ஆடுகினம். நெற்றியும் நெற்றியும் முட்டுறமாதிரி. அண்ணன் தங்கைதான் எண்டு சொல்லப்படுது. பெடியன் வெளிர் நிறக் கோட்டு, சப்பாத்து. பிள்ளை வெறுங்கால். ரெண்டு பேரும் தங்கட கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கினம். கால்கள் சட்டகத்துக்கு உள்ள இருக்கிறதுதான் இந்தப் படத்தின் உயிர். இடுப்போட வெட்டியிருந்தால் ரெண்டு பேர் ஏதோ ரகசியம் கதைக்கிற படமாகியிருக்கும்.

சிடிபேயின் நடனப் படங்களில் தலை முதல் கால்வரை அடங்கின ஆட்கள் நிறைய. அதுக்குக் காரணம் இருக்கு. புதுசாத் தைச்ச காற்சட்டை, புதுச் சப்பாத்து, கையில் இருக்கிற இசைத்தட்டு எல்லாம் தெரியவேணும். அதுதான் படம் எடுபடுகிறவையின் விருப்பம். ஆட்சியில் இருந்தவைக்கு அந்த மேற்கத்தைய உடுப்பும் ஆட்டமும் பெரிசாப் பிடிக்கேல்லை. 1968இல் இராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகும் அந்த வெறுப்புக் குறையேல்லை. ஆகவே, கால் தெரிகிறது சின்ன விசயம் இல்லை. "நான் இப்பிடித்தான் உடுத்தினான், இப்பிடித்தான் ஆடினான்" எண்டதுக்கு அதுதான் சாட்சி.

அதைவிட எனக்கு முக்கியமாப் பட்டது அவர் படம் எடுத்த பிறகு செய்தது. விருந்து முடிஞ்சதும் ஸ்ரூடியோவுக்குப் போய் இரவோடு இரவாகப் பிலிமைக் கழுவி, சின்னப் பிரதிகள் போடுவார். அதுகளை நிற அட்டைகளில் ஒட்டி, எந்தக் கழகம், எந்தத் திகதி எண்டு எழுதி, இலக்கம் போட்டு ஸ்ரூடியோ வாசலில் வைப்பார். ஆடின ஆக்கள் வந்து தங்களைத் தேடி, தங்களுக்குப் பிடிச்சதை விலைக்குக் கேப்பினம். முதல் பார்வையாளர் படத்தில் இருக்கிற ஆள்தான். வாங்கிறதா இல்லையா எண்ட முடிவும் அவற்றதான்.

இதைப் புனிதமாக்கவும் நான் விரும்பேல்லை. வாசலில் வைத்த அட்டையைத் தெருவால போற ஆரும் பாக்கலாம். அங்கேயும் ஒளிச்சு வந்த பிள்ளை ஒருத்தி ஓரத்தில் நிண்டிருக்கக் கூடும். ஆனால் அந்தத் தெரு ஒரு தெரு மட்டும்தான். பிறகு 1990களில் அந்தப் படங்கள் ஐரோப்பாவுக்குப் போயின. 1995இல் பாரிசில் கார்ட்டியே மன்றத்தில் கண்காட்சி, 2003இல் ஹசல்பிளாட் விருது, 2007இல் வெனிஸில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம். ஒரு சனிக்கிழமை இரவை ஞாபகம் வைக்கிறதுக்காக எடுத்த படங்கள் அருங்காட்சியகச் சுவரளவுக்குப் பெரிதாகின. அதை நான் குறை சொல்லேல்லை. அதால்தான் யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கிற நானும் அவரைக் கண்டனான். ஆனால் படத்தின் பார்வையாளர் மாறினால் படமும் மாறிவிடும் எண்டது அவருக்கும் நடந்திருக்கு.

திரையும் போனும்

நியூயோர்க்கில் நேன் கோல்டின் 1970களின் கடைசியில் இருந்து தன் நண்பர்களின் இரவுகளை வண்ண சிலைட்டாக எடுத்தார். படிக்கிற காலத்தில் இருட்டறை வசதி இல்லாமல் போனதுதான் சிலைட்டுக்குப் போன காரணம். அச்சுப் போடாமல், மதுக்கடைகளிலும் இரவுக் கழகங்களிலும் புரொஜெக்டரில் ஓடவிட்டார். திரை படுக்கையானது, படங்களில் பெரும்பாலானவையும் படுக்கை. கட்டில், மேசை, சோபா, பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ரெண்டு பேர். அந்த ஆட்களுக்கு இடையில இருக்கிற வெளி அவருக்குத் தேவைப்பட்டது. முதலில் இருந்து பார்த்தவையும் அந்தப் படங்களுக்குள் இருந்த அதே நண்பர்கள்தான். 1986இல்தான் அது புத்தகமாகி அந்நியர் கைக்குப் போனது.

எங்கட காலம் போன். போனைக் கையில் எடுத்தால் அது நிமிர்ந்து நிக்குது. 2010இல் வந்த இன்ஸ்ரகிராம் முதல் ஐந்து வருசம் சதுரத்தை மட்டும்தான் ஏற்றது. 2015 ஓகஸ்ரில்தான் நிமிர்ந்த, படுக்கைப் படங்களை விட்டது. இப்ப ஸ்ரோரி, ரீல்ஸ் எல்லாம் 9:16. எங்கட பீடத்திலும் பிள்ளையள் கேக்கிறது "ஸ்டேட்டஸுக்குப் போடுற மாதிரி எடுங்கோ அண்ணா" எண்டுதான். நிமிர்ந்த சட்டகத்தில் ஒரு ஆள் முழுசா வருவா, சாறியின் கரை, செருப்பு, எல்லாம். பமாக்கோக்காரர் கேட்ட அதே விசயம். ஆனால் நிமிர்ந்த படம் மட்டும் எடுத்தால், அந்த இரவில் 400 பேர் சேர்ந்து நிண்டது எங்கேயும் இருக்காது. தனித்தனி ஆட்கள்தான் மிஞ்சுவினம். கூட்டம் எண்டதும் வரலாறுதானே.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. பேர்லினில் பெர்க்ஹைன் எண்ட இரவுக் கழகத்தில் வாசலிலேயே போன் கமராவில் ஸ்ரிக்கர் ஒட்டிவிடுவினம். உள்ள படம் எடுக்கத் தடை. அங்க வாற ஆக்கள் நிம்மதியா ஆடுறதுக்கு அதுவும் ஒரு காரணம். எங்கட பெட்டையளிட்டக் கேட்டால் பாதிப் பேர் அந்த ஸ்ரிக்கருக்குத்தான் வோட்டுப் போடுவினம் எண்டு நினைக்கிறன்.

இந்த வருசம்

இந்த வருச இசை இரவுக்கும் என்னைத்தான் கேட்டவை. ஓம் எண்டனான். ஆனால் சில விசயங்களை மாத்தினான். மேடைக்கு முன்னால ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுக்கிற பக்கம் எண்டு தொடக்கத்திலேயே மைக்கில அறிவிக்கச் சொன்னன். படுக்கைப் படங்களை அந்தப் பக்கத்துக்கு மட்டும் வைச்சுக்கொண்டன். மற்றப் பக்கம், பின்வரிசை, கடைப்பக்கம் எல்லாம் நிமிர்ந்த படம்தான், அதுவும் ஆக்கள் கூப்பிட்டுக் கேட்டால் மட்டும். படுக்கையா எடுக்க முதல் நடுவைப் பாக்கிற பழக்கத்தை விட்டு, நாலு ஓரத்தையும் ஒருக்காச் சுத்திப் பாக்கப் பழகினன். அதுக்குள்ள சில நல்ல கணங்கள் தப்பிப் போனது. போகட்டும்.

பிறகு சிடிபேயின் அட்டைமாதிரி, எல்லாப் படத்தையும் பட்ச் வட்ஸ்அப் குழுவில் இலக்கம் போட்டு மூண்டு நாள் வைச்சன். வேண்டாம் எண்ட இலக்கத்தை எனக்குத் தனிய அனுப்புங்கோ, ஏன் எண்டு கேக்கமாட்டன் எண்டு எழுதினன். 23 இலக்கம் வந்தது. அதில ரெண்டு, நான் எடுத்ததிலேயே திறமான படங்கள். அழிக்கேக்க கை நடுங்கினது உண்மை. ஆனால் அழிச்சன்.

அவள் இந்த முறை வரேல்லை. போன வருசத்துக்குப் பிறகு அவள் இரவு நிகழ்ச்சி ஒண்டுக்கும் வாறேல்லை. போன வருசப் படத்தை அண்டைக்கே பேஸ்புக்கில இருந்து எடுத்துப்போட்டன், ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முதலே போய்ச் சேர்ந்திட்டுது. "நீ ஆரை எடுத்தனி?" எண்டு கேட்டவளுக்கு இப்ப என்னட்ட ஒரு பதில் இருக்கு. நான் உன்னையும்தான் எடுத்தனான், பாக்காமல் எடுத்தனான். இதை நேரில சொல்ல இன்னும் வாய்ப்புக் கிடைக்கேல்லை.